யார் பற்றில் எழுதுவது?

2020இல் திருப்பூர் இழந்த வியாபாரம் முழுவதையும் கொரோனா பொதுமுடக்கத்தின் தலையில் கட்டுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அது அரைக்கணக்கு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடியதால் ஆர்டர்கள் ரத்தாயின. தைத்து வைத்திருந்தாலும் வாங்க ஆளில்லை. பனியன் கம்பெனி ஒன்றைக்கூடப் பூட்டாமல் விட்டிருந்தாலும் அந்த நஷ்டம் வந்தே இருக்கும். கோவை பம்புசெட்டின் கதை வேறு. கோடைதான் அதற்குச் சீசன். அந்த ஆண்டின் சீசன் பூட்டிய பட்டறைக்குள்ளேயே போயிற்று. இதுதான் பொதுமுடக்கத்தின் செலவு. இரண்டையும் ஒரே பற்றில் எழுதிவிட்டு அரசைத் திட்டுவதோ புகழ்வதோ எளிது.

வரவுப் பக்கத்துக்கு ஈரோடு சாட்சி. தொடக்கத்தில் மிகுந்த கவலை தந்த மாவட்டம் அது. தொற்றியவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்தார்கள், தெருக்களை அடைத்தார்கள். தொற்றிய 70 பேரில் ஒருவர் இறந்தார். மற்றவர்கள் ஏப்ரல் 28க்குள் வீடு திரும்பினார்கள். நாடே மூடிக் கிடந்ததும் இதற்கு உதவியது, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே பலன் தந்தது வீடுவீடாகப் போன சுகாதாரப் பணியாளர்களின் உழைப்பு. நான்கு மணி நேர அவகாசத்தில் எல்லா ஊருக்கும் ஒரே பூட்டைப் போட்டதற்கு அது நியாயம் ஆகாது.

மூடியதால் கிடைத்த பெரிய லாபம் நேரம். கோவையின் கொடிசியா கண்காட்சி வளாகம் சிகிச்சை மையமானது அந்த நேரத்தில்தான். ஆனாலும் 2021 மே கடைசியில் அன்றாடத் தொற்றில் கோவை சென்னையையே முந்தியபோது படுக்கைக்கு அலைய வேண்டியிருந்தது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நேரத்தை முழுதாகப் பயன்படுத்தவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். (பிளேக்குக்கும் மாரியம்மன் கோயில் கட்டிய ஊர் இது. அந்த மே மாதம் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தார்கள். அந்தச் செலவை எந்தப் பொருளியலாளரும் கணக்கில் சேர்ப்பதில்லை.)

என் பெரிய குறை, மூடியதைப் பற்றி அல்ல. மூடியபின் பணம் யார் கைக்குப் போயிற்று என்பதைப் பற்றி. பிடித்தமில்லாமல் சம்பளம் கொடுங்கள் என்று உள்துறை அமைச்சகம் 2020 மார்ச் 29இல் உத்தரவிட்டது. மே 17இல் அது திரும்பப் பெறப்பட்டது. ஜூன் 12இல் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னது. பிரிட்டனில் வேலையின்றி வீட்டிலிருந்தவரின் சம்பளத்தில் 80 சதவீதத்தை ஓர் உச்சவரம்புக்குள் அரசே ஏற்றது. இங்கே ஏற்றவர் யாருமில்லை. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணுக்கு எதை மாதச் சம்பளம் என்று கணக்கிடுவது என்ற கேள்விக்கே யாரும் போகவில்லை.

சிறுதொழிலுக்கு அறிவித்த 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் இன்னும் விசித்திரம். 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை, ஈடில்லாமல் மேலும் கடன். அதாவது ஏற்கெனவே வங்கியில் கடன்காரராக இருந்தால்தான் உதவி. இரண்டு லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்பவர்களில் பலருடைய வரவு செலவு சீட்டிலும் கைமாற்றிலும் ஓடுகிறது. கொங்குத் தொழிலின் பலமே அந்த வாய்ச்சொல் நம்பிக்கை என்று பெருமை பேசுவோம். வங்கிப் பேரேட்டில் அதற்குப் பெயரில்லை. அப்போது அரசு அறிவித்த வருங்கால வைப்புநிதிச் சலுகையும் கணக்கு இருந்தவருக்கே.

ரேஷன் கார்டுக்குத் தமிழக அரசு தந்த பணம் மட்டும் பரவலாக எட்டியது: 2020இல் 1,000 ரூபாய், 2021இல் இரண்டு தவணையாக 4,000. ஆனால் கார்டு உள்ளூர்க்காரரிடம்தான் இருந்தது. வடமாநிலத் தொழிலாளர்கள் 2020 மே மாதச் சிறப்பு ரயில்களில் ஊர் திரும்பினார்கள். ஆர்டர்கள் மெல்லத் திரும்பியபோது ஆள் கிடைக்காமல் கம்பெனிகள் திணறின. கூலியில் மிச்சம் பிடித்ததாக நினைத்தது இப்படிச் செலவாக வந்தது.

அவசரக் கடன் கிடைத்தவர்களுக்கும் அது நிவாரணம் அல்ல. அசலுக்கு ஓராண்டுதான் விலக்கு. முதலில் வாங்கியவர்களுக்குத் தவணை தொடங்கியபோது இரண்டாம் பொதுமுடக்கம் வந்திருந்தது. அந்தத் தவணை பாதிகூட முடியாத 2022 மே மாதத்தில் பஞ்சு கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலையும் கூடவே ஏறியது.