ஃபிரேம் எண்ணும் தீர்ப்பும்

டைரக்டர் ஓர் ஊரில், எடிட்டர் இன்னோர் ஊரில், கிராஃபிக்ஸ் செய்பவர்கள் வேறொரு தேசத்தில் என்று சிதறிக் கிடக்கிறது இன்றைய சினிமாத் தயாரிப்பு. இவர்கள் எல்லோரும் ஒரே காட்சியைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லிக்கொள்ள உதவும் மென்பொருள்கள் இன்று சாதாரணமாகிவிட்டன. அவை சௌகரியமானவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவற்றின் மூலம் நடப்பதை மதிப்பீடு என்று சொல்லலாமா என்பதுதான் என் கேள்வி. இந்தக் கேள்வி சினிமாக்காரர்களோடு நின்றுவிடுவதும் இல்லை.

1993ல் ஸ்பீல்பெர்க் போலந்தில் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படப்பிடிப்பில் இருந்தார். பகலில் அந்த வேலை. மற்ற நேரத்தில், கலிஃபோர்னியாவில் தயாராகிக்கொண்டிருந்த 'ஜுராசிக் பார்க்' டைனோசார் காட்சிகளைச் செயற்கைக்கோள் வழியே வரவழைத்துப் பார்த்துத் திருத்தம் சொன்னார். அன்று அவரைப் போன்ற ஒருவருக்குத்தான் அது சாத்தியம். பிறகு அடிலெய்டிலுள்ள ரைஸிங் ஸன் பிக்சர்ஸ் என்ற கிராஃபிக்ஸ் நிறுவனத்திலிருந்து சினிஸிங்க் வந்தது. 2011ல் ஹாலிவுட் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் பெற்றது. அதன் சூட்சுமம் எளிமையானது. படத்துண்டு முன்கூட்டியே ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் இருக்கும். கடல் தாண்டிப் போவது, இப்போது எந்த ஃபிரேமில் நிற்கிறோம் என்ற தகவலும் அதன்மேல் கிறுக்கிய கோடுகளும் மட்டுமே. 2014ல் நியூயார்க்கில் ஆரம்பிக்கப்பட்ட ஃபிரேம்.ஐஓ, எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டிய அவசியத்தையும் நீக்கிவிட்டது. அவரவர் தமக்கு முடிந்தபோது பார்த்து எழுதி வைக்கலாம். எழுதியது மணி, நிமிஷம், செகண்ட், ஃபிரேம் என்ற நான்கு எண்களோடு ஒட்டிக்கொள்ளும். திருத்தம் செய்தவர் குறிப்புக்குப் பக்கத்தில் முடிந்தது என்று டிக் போடுவார். அடோபி 2021ல் இந்த நிறுவனத்தை 127.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2020ன் கொள்ளைநோய், வீட்டிலிருந்தே பார்ப்பதைத் தொழிலின் வழக்கமாக ஆக்கிவிட்டிருந்தது.

செகண்டுக்கு 24 வீதம் இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 ஃபிரேம்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாசம் இருக்கிறது; எந்த விலாசத்துக்கும் புகார் எழுதலாம். மைக்கின் நிழல் விழுகிறது, கோப்பை இடம் மாறியிருக்கிறது, ஆகாயத்தின் நீலம் முந்திய ஷாட்டோடு ஒட்டவில்லை. இவை எல்லாம் சரியான புகார்கள். ஆனால் ஒரு படம் தோற்பது பெரும்பாலும் எந்த ஒரு ஃபிரேமிலும் அல்ல. எடிட்டர் வால்டர் மர்ச், ஒரு வெட்டை எதைக்கொண்டு தீர்மானிப்பது என்பதற்கு ஆறு அளவுகோல்களை வைத்து, அவற்றுக்கு விளையாட்டாகச் சதவீதமும் கொடுத்திருக்கிறார். உணர்ச்சிக்கு 51. கதைக்கு 23. லயத்துக்கு 10. பார்வை விழும் இடம், திரைத்தளம், இடத்தின் தொடர்ச்சி ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 16தான். ஃபிரேம் எண் போட்டுச் சுலபமாகச் சொல்லக்கூடியவை இந்தப் பதினாறுக்குள் அடங்குபவைதாம். கருவி எதைச் சொல்ல வசதி செய்கிறதோ அதையே மனிதர்கள் அதிகம் சொல்வார்கள். நூறு குறிப்புகளுக்கும் டிக் விழுந்த பிறகு படம் தேறிவிட்டது என்ற பிரமை எல்லோரிடமும் சுலபமாகக் குடியேறும்.

ஒரு ஃபிரேமுக்குப் பதில் இங்கிருந்து இதுவரை என்று நீளத்தைக் குறிக்கவும் வசதி உண்டே என்று சொல்லலாம். உண்டு. தார்க்கோவ்ஸ்கியின் 'நோஸ்டால்ஜியா'வில் (1983) ஒருவன் அணையாமல் மெழுகுவர்த்தியைக் குளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுபோகும் ஷாட் ஏறக்குறைய ஒன்பது நிமிஷம். அதன் ஆரம்பத்தையும் முடிவையும் குறித்து 'நீளம்' என்று எழுத ஒரு நொடி போதும். அதுவரை வந்த முழுப்படத்தையும் சுமந்துகொண்டு அந்த இடத்துக்கு வந்து சேராதவனுக்கு அந்தக் குறிப்பை எழுத உரிமை உண்டா என்று கருவி கேட்காது. மர்ச் தம் எடிட்டிங் திரையின் இரு ஓரங்களிலும் காகிதத்தில் வெட்டிய இரண்டு சின்ன மனித உருவங்களை ஒட்டி வைத்துக்கொள்வார். அவற்றின் அருகே அந்தச் சிறு திரை ஒரு தியேட்டர் திரையின் ஆகிருதியைப் பெற்றுவிடும். சின்னச் சதுரத்தில் பார்ப்பவன் எதை இழக்கிறான் என்பதை அறிந்தவரின் காரியம் அது.

தூரத்தின் மேல் எனக்குக் கோபம் இருப்பதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. துருக்கியின் இல்மாஸ் குனே, 'யோல்' படத்தின் திரைக்கதையைச் சிறையிலிருந்தபடியே விஸ்தாரமாக எழுதிக் கொடுக்க, வெளியே ஷெரீஃப் கோரன் அதைப் படமாக்கினார். 1981ல் குனே தப்பி, ஸ்விட்ஸர்லாந்தில் அதை எடிட் செய்தார். 1982ல் கான் விழாவின் தங்கப்பனை அதற்குக் கிடைத்தது, 'மிஸ்ஸிங்' படத்தோடு சேர்த்து. படமெடுத்த இடத்துக்கும் அவருக்கும் இடையில் நின்றது சிறைச்சுவர். ஆனால் முழுப்படமும் அவர் மனசில் இருந்தது. சிறைவாசம் கலைக்கு நல்லது என்ற அசட்டுத்தனத்தை நான் சொல்லவில்லை. முழுமையைப் பற்றிய பிரக்ஞை இருந்தால் தூரம் ஒரு குறையாகாது என்கிறேன்.

ஜாஃபர் பனாஹியின் 'நோ பேர்ஸ்' (2022) இந்தப் பிரச்னையைப் படத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறது. ஈரானை விட்டு வெளியேற முடியாத டைரக்டர், எல்லைக் கிராமம் ஒன்றில் உட்கார்ந்து, துருக்கியில் நடக்கும் படப்பிடிப்பை லேப்டாப் வழியே நடத்துகிறார். அடிக்கடி இணைப்பு அறுந்துபோகிறது. அவர் சொல்வதெல்லாம் நாம் மேலே பார்த்த ரகத் திருத்தங்கள்தாம். ஆனால் ஒரு கட்டத்தில் நடிக்கும் பெண் காமிராவை நேருக்கு நேர் பார்த்து, உண்மை என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பது பொய் என்கிற அர்த்தத்தில் வெடிக்கிறாள். அந்தப் படத்துக்குள் சொல்லப்படும் ஒரே விமர்சனம் அதுதான். அது திரையின் மறுபக்கத்திலிருந்து வருகிறது. அதற்கு எந்த ஃபிரேம் எண்ணைப் போடுவது? அதற்கு எதிரே யார் டிக் போட முடியும்?

நான் வேலை பார்க்கும் பாங்கில் ஒருவர் போடும் பதிவை இன்னொருவர் சரிபார்த்து அனுமதித்தால்தான் அது கணக்கில் ஏறும். நல்ல ஏற்பாடு, வேண்டிய ஏற்பாடு. ஆனால் எல்லாப் பதிவும் சரியாக இருந்து, சாயங்காலம் கணக்கும் பைசா சுத்தமாக நேராகி, கொடுத்த கடன்களால் ஒரு கிளை மூழ்கிக்கொண்டிருக்கலாம். எந்த ஒரு பதிவையும் சுட்டிக்காட்டி அதைச் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேறொரு ஆள், வேறொரு பார்வை வேண்டும்.

நம் பத்திரிகைகளில் வரும் புத்தக மதிப்புரைகளில் எத்தனை, இந்த டிக் வேலையைத் தாண்டுகின்றன? மூன்றாவது அத்தியாயத்தில் வட்டார வழக்கு பிசகுகிறது, நாலாவது வரியில் படிமம் சிக்கனமாக இல்லை, பக்கம் அறுபதில் தகவல் பிழை. எழுதியவர் அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறார், இருவருக்கும் திருப்தி. அந்த நாவல் எழுதப்பட்டே இருக்க வேண்டுமா, அதற்குப் பின்னால் ஓர் அனுபவம் உண்டா என்ற கேள்விக்குப் பக்க எண் கிடையாது. அதனால் அது கேட்கப்படுவதும் இல்லை. இந்த மென்பொருள் யாரும் நமக்கு விற்காமலேயே நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது. பக்க எண் போட முடியாத ஒரு வாக்கியத்தையாவது ஒவ்வொரு மதிப்புரையிலும் எழுதத் துணிவது, இப்போதைக்கு நாம் செய்யக்கூடியது.