ஆயா என்றொரு சொல்

செத்துப்போன தாயைப் பற்றி நாம் எழுதும் எழுத்துகளில் ஒரு மெழுகுவர்த்தி எரியாமல் இருப்பதில்லை. தன்னை உருக்கி ஒளி தந்தவள், பொறுமைக்கடல், தியாகத்தின் திருவுரு. கும்மிடிப்பூண்டியில் என் அம்மாவுக்கு நடந்த நினைவுக் கூட்டத்திலும் தோழர்கள் இதைத்தான் பேசினார்கள். சபைப் போதகரும் இதைத்தான் ஜெபித்தார். நானும் மைக்கைப் பிடித்து இதையே சொன்னேன். கூட்டம் கலைந்த பிறகு, அம்மாவோடு வேலைக்குப் போன பெரியம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டது: "இன்னாடா, என்னென்னமோ சொன்ன. அவ வாங்கின கூலியச் சொன்னியா? போட்ட சண்டயச் சொன்னியா?"

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நம் எழுத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிப்காட்டில் நைனாவுக்குக் கான்ட்ராக்ட் கூலி. அது பாதி மாசத்துக்குக் காணாது. அம்மா விடியற்காலை யூனிட் ரயிலைப் பிடித்து, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் தாண்டிப் பட்டணத்துக்குப் போகும். படுக்கையில் கிடக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நாளைக்கு இருநூற்றைம்பது; ஆளனுப்புகிற ஏஜென்சிக்காரன் அதில் ஐம்பது பிடித்துக்கொள்வான். எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி, அம்மாவைப் பெற்றவள். பட்டணத்து வீட்டில் ஆயா என்றால் சம்பளத்துக்குப் பீமூத்திரம் அள்ளுகிறவள். சொல் ஒன்றுதான். உறவுச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டால் கூலி கேட்க வாய் வராது என்று அந்தச் சொல்லுக்குத் தெரியும்.

தியாகம் என்கிற சொல்லும் அப்படித்தான். பார்ப்பது கைத்தொழில் என்பதை அது மறைக்கிறது. பிறப்பின் தீட்டையும் சாவின் தீட்டையும் கழுவுகிற வேலை யார் கைக்கு வந்து சேர்கிறது என்பதையும் மறைக்கிறது. பாமாவின் 'சங்கதி'யில் (1994) வருகிற வெள்ளையம்மா கிழவி பிரசவம் பார்க்கிறவள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் காரணி கிராமத்து வீரம்மா நாற்று நட்டவர், பிள்ளைப்பேறு பார்த்தவர், பாட்டுக்காரி. அவர் ஜோசியான் ரசீனிடம் பல ஆண்டுகள் சொன்ன வாழ்க்கை 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் நூலாக வந்தது. பிரெஞ்சுத் தலைப்பிலேயே 'சிரிப்பு' என்ற சொல் இருக்கிறது. வீரம்மா சாமியை நம்புகிறார். அதே வாயால் பெரிய மனிதர்களைக் கேலியும் செய்கிறார். படிக்கிற நம்மில் பலர் கேலியை மட்டும் எடுத்துக்கொண்டு சாமியைக் கீழே போட்டுவிடுகிறோம். கேலி கலகம், சாமி அறியாமை! இரண்டும் ஒரே வாயில் இருப்பது நமக்குச் சங்கடமாக இருக்கிறது.

நானும் அதைத்தான் செய்தேன். அம்மா ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கிளம்பினால் "அபின் சாப்பிடப் போறியா?" என்பேன். மார்க்சை அரைகுறையாகப் படித்த திமிர். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காது.

அந்தச் சபையில் சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் எழுந்து நின்று தன் வாழ்க்கையைத் தன் வாயால் சொல்லலாம். ஒருமுறை அம்மா சொன்ன சாட்சி இது. ஒரு வீட்டில் பக்கவாதம் வந்த கிழவியை இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் போட்டு, துடைத்து, பவுடர் போட்டுப் பதினோரு மாதம் பார்த்தது. ஒரு படுக்கைப்புண் வரவில்லை. ஆனால் சாப்பிட மட்டும் தனித்தட்டு. "ஒங்கம்மா பீயத் தொட்ட கை ஒங்க தட்டத் தொடக்கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் பாதி நாளில் ரயிலேறி வந்துவிட்டது. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் ஆளனுப்பினார். நாளைக்கு ஐம்பது கூட, அதே தட்டு. ஒத்துக்கொண்ட பிறகுதான் போனது. "கர்த்தர் எனக்கு வாயக் குடுத்தாரு, அல்லேலூயா" என்று முடித்தது. கூலியும் கோபமும் ஜெபமும் ஒரே மூச்சில்.

'கருக்கு' (1992) வந்தபோது அதன் வடிவத்துக்கு லத்தீன் அமெரிக்காவில் மூதாதையர் தேடினார்கள் விமர்சகர்கள். தேடட்டும். நம் சேரிச் சபைகளில் கூலிக்காரப் பெண்கள் நின்றுகொண்டு சொன்ன சாட்சியை யாரும் இலக்கிய வடிவமாகக் கணக்கில் எடுக்கவில்லை.

அடிமைகளே எழுந்து 1804இல் விடுதலை வாங்கிய நாடு ஹைட்டி. அங்கிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன பெண்களில் பலர் அங்கே முதியோரையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்ளும் வேலையில்தான் இருக்கிறார்கள். அந்நாட்டு எழுத்தாளர் எட்விஜ் டான்டிகாட், புற்றுநோயில் 2014இல் இறந்த தன் தாயை வைத்து, சாவை எழுதுவது பற்றி 2017இல் ஒரு நூல் எழுதினார். அதன் முடிவில் தாயின் குரலில் ஒரு ஜெபத்தை மகளே எழுதுகிறார். தாயின் விசுவாசத்துக்கு விளக்கம் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அதைத் தாயின் பேச்சாகவே விடுகிறார். எனக்கு வராத துணிச்சல் அது.

ஏன் வரவில்லை என்பதற்கு என் திமிர் மட்டும் காரணமில்லை. அம்மாவுக்கு இரண்டு பெயர். சான்றிதழில் ஒன்று, ஞானஸ்நானத்தில் ஒன்று. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவராகிவிட்டால் பட்டியல் சாதி இல்லை. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது, கிறித்தவருக்குத் திறக்கவில்லை. தனித்தட்டு வைத்தவர்கள் எந்த ஆணையைப் படித்துவிட்டு வைத்தார்கள்? ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் மறுத்ததை 2024 நவம்பரில் உச்சநீதிமன்றமும் சரியென்றது. விசுவாசமில்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது.

அதனால்தான் கண்ணீர் அஞ்சலி நோட்டீசில் சான்றிதழ்ப் பெயரை மட்டும் போட்டேன். தம்பி பிள்ளைகளுக்கு வில்லங்கம் வந்துவிடுமோ என்கிற பயம். அம்மாவை ஊரே கூப்பிட்ட பெயர், அது விரும்பி எடுத்துக்கொண்ட பெயர், அதன் சாவில் இல்லை. தியாகம், பொறுமை என்று நான் பொதுப்படையாகப் பேசியதற்கும் இந்தப் பயத்துக்கும் தொடர்பு இருக்கிறது. குறிப்பாகப் பேச முடியாதவன்தான் மெழுகுவர்த்தி ஏற்றுகிறான்.

தாயைப் பற்றி எழுதும் தோழர்களே, அவளுடைய கூலி எவ்வளவு, யாரோடு சண்டை போட்டாள், யாரைக் கும்பிட்டாள் என்று எழுதுங்கள். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் அது அவளாக இருக்காது.

வருகிற மாசம் அம்மாவுக்கு வருஷ நினைவு. புது நோட்டீசை எழுதிப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு பெயரும் இருக்கிறது. கேட்டுவிட்டு, "அந்தத் தட்டு வெவகாரத்தையும் போடு" என்றது.