காலைக் காட்சிக்குக் காத்திருக்கும் படங்கள்

2024 ஆகஸ்ட் 23, ஒரே வெள்ளிக்கிழமையில் இரண்டு தமிழ்ப் படங்கள் வெளியாயின. ஒன்று மாரி செல்வராஜின் 'வாழை', மற்றொன்று பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. இரண்டும் தென்மாவட்டத்து மண்ணில் நடப்பவை. முதல் படத்தில் வாழைத்தார் சுமக்கும் சிறுவன். இரண்டாவதில், பேய் பிடித்துவிட்டது என்று ஒரு பெண்ணை ஷேர் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப்போகும் உறவுக் கூட்டம். கூடவே ஒரு சேவல். 'வாழை' நன்றாக ஓடியது. பெர்லின் விழாவுக்குப் போய்வந்த, பின்னணி இசையே இல்லாத 'கொட்டுக்காளி'க்குச் சில நாட்களிலேயே காட்சிகள் குறைந்தன. விழாப் படத்தைத் தியேட்டரில் விடலாமா என்று சினிமாக்காரர்களே வாக்குவாதம் செய்தார்கள்.

வினோத்ராஜின் முதல் படத்துக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 'கூழாங்கல்' 2021இல் ரோட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வாங்கியது. ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. கடைசியில் 2023 அக்டோபரில் சோனி லிவ் தளத்தில் வந்து சேர்ந்தது. படம் ஒன்றேகால் மணி நேரம்தான். நடுவில் இடைவேளை விட்டால் பாதிக்கு நாற்பது நிமிடம்கூடத் தேறாது. பாப்கார்ன் விற்றுப் பிழைக்கும் ஒரு தியேட்டர் முதலாளிக்கு இது கலைப் பிரச்சினை இல்லை, கேன்டீன் பிரச்சினை.

லண்டனின் லெஸ்டர் சதுக்கத்துப் பக்கம் இருக்கும் பிரின்ஸ் சார்லஸ் தியேட்டரில் ஒரே வாரத்தில் பழைய கறுப்பு வெள்ளைப் படம், ஜப்பானியப் படம், கூடவே பாடிக்கொண்டு பார்க்கும் இசைப்படம் என்று மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் அப்படி ஒரு பட்டியலோடு அன்றாடம் நடக்கும் அரங்கு கிடையாது. ஆனாலும் இந்தப் பக்கத்துக்காரர்கள் விதவிதமான படம் பார்க்காமல் இல்லை. பார்த்த இடம்தான் வேறு.

முதல் வழி காலைக் காட்சி. மேட்னி, முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம் மூன்றும் புதுப் படத்துக்குப் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டவை. மில் ஷிப்டு முடித்து வருகிறவர்களை நம்பி இரண்டாம் ஆட்டம் ஓடிய ஊரில், காலை நேரம் மட்டும் நாதியற்றுக் கிடந்தது. அந்த ஓட்டையில்தான் ஆங்கிலப் படமும் மலையாளப் படமும் பழைய எம்.ஜி.ஆர். படமும் நுழைந்தன. காலைக் காட்சி மலையாளப் படம் என்றாலே வீட்டில் முகம் சுளித்த காலமும் உண்டு. அந்தக் கெட்ட பெயரால் அதே மொழியின் நல்ல படங்களும் பழி சுமந்தன. இன்று அந்தக் கறை போய்விட்டது. 2015இல் 'பிரேமம்' சென்னையில் இருநூறு நாட்களுக்கு மேல் ஓடியது. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. வேற்று மொழிப் படத்தை மக்கள் பார்க்கமாட்டார்கள் என்று இனி எந்த விநியோகஸ்தரும் சொல்ல முடியாது.

காலைக் காட்சியை நடத்த அன்று தியேட்டர்காரருக்குக் கையில் ஒரு சுதந்திரம் இருந்தது. அது படப்பெட்டி. 35 மி.மீ. படச்சுருளில் 2000 அடி ரீல் ஒன்று ஏறக்குறைய 22 நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு அப்படி ஏழு ரீல். ஆபரேட்டர் அறையில் இரண்டு புரொஜெக்டர்கள் இருக்கும். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி தெறிக்கும். முதல் புள்ளிக்கு அடுத்த மெஷினின் மோட்டாரை ஓடவிட வேண்டும், சில விநாடி கழித்து வரும் இரண்டாம் புள்ளிக்கு வெளிச்சத்தை மாற்ற வேண்டும். வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகளின் இடைவெளியையும் அதற்கு நடுவில் கவனித்துக்கொள்ள வேண்டும். தூங்கிவிட்டால் திரை வெள்ளையாகும், விசில் பறக்கும். அவ்வளவு பாடுபட்டாலும், பெட்டி வந்து சேர்ந்துவிட்டால் அதை எந்த நேரத்தில் ஓட்டுவது என்பது ஊர்க்காரர் கையில் இருந்தது.

இப்போது படம் ஹார்ட் டிஸ்க்கிலோ செயற்கைக்கோள் வழியாகவோ பூட்டிய நிலையில் வருகிறது. எந்தச் சர்வரில், எந்தத் தேதி எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று குறித்த மின்சாவி வந்தால்தான் திறக்கும். பிரிண்ட் போடும் செலவு ஒழிந்ததால் சின்னப் படங்களுக்கு வழி பிறக்கும் என்று எதிர்பார்த்தார்கள். பதிலுக்கு டிஜிட்டல் ஒளிபரப்புக் கட்டணம் என்ற புதுச் செலவு முளைத்தது. அந்தக் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் 2018 மார்ச் முதல் ஒன்றரை மாதத்துக்கும் மேல் புதுப் படம் எதையும் தரவில்லை. தியேட்டர்கள் தூசி தட்டிப் பழைய படங்களை எடுத்தன. பட்டியல் போட யாரும் உட்காராமலேயே, வேறு வழியில்லாமல் ஒரு கலவையான பட்டியல் கிடைத்த வாரங்கள் அவை. 2024 ஏப்ரலில் 'கில்லி' மறுபடி வந்து கூட்டம் சேர்த்தபோதுதான் பழைய படத்துக்கும் காசு உண்டு என்று முதலாளிகளுக்கு உறைத்தது.

இரண்டாவது வழி திரைப்படச் சங்கங்கள். 1947இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் கல்கத்தாவில் தொடங்கிய சங்கத்திலிருந்து இந்தக் கதை கிளம்புகிறது. 1959இல் அகில இந்தியக் கூட்டமைப்பு உருவானபோது ராய் அதன் தலைவர். 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்த பிறகு 16 மி.மீ. பிரதிகளை வாங்கிப் போட்டுக் காட்ட முடிந்தது. தென்மாவட்டங்களில் திருநெல்வேலியின் காஞ்சனை திரைப்பட இயக்கம் இந்த வேலையைச் செய்தது. அதை நடத்திய ஆர்.ஆர்.சீனிவாசன் பின்னர் தானே கேமராவைத் தூக்கினார். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த பேரணி மீது போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அதைப் பற்றிய அவருடைய ஆவணப்படம் 'ஒரு நதியின் மரணம்'. மதுரையில் ஆர்.பி.அமுதன் 1998 முதல் நடத்திவரும் ஆவணப்பட, குறும்பட விழா மற்றொரு கிளை. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் (தமுஎகச) கிளைகள் கல்யாண மண்டபங்களிலும் பள்ளி வளாகங்களிலும் நடத்திய திரையிடல்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். திரை என்பது இங்கெல்லாம் பெரும்பாலும் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணிதான்.

மூன்றாவது வழிக்கு ரயில் டிக்கெட் வேண்டும். இராஜபாளையத்துக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் பக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் பாதை 2018இல் முழுக்க அகலப்பாதையான பிறகு மலைக்கு அந்தப் பக்கம் போவது இன்னும் எளிது. 1996இல் தொடங்கிய கேரளச் சர்வதேசத் திரைப்பட விழா டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கிறது. கைரளி, ஸ்ரீ, நிளா என்று அரசே நடத்தும் அரங்குகள் அந்த ஊரில் உண்டு. இங்கே அரசு பஸ் ஓட்டுகிறது, தியேட்டர் ஓட்டுவதில்லை.

வழிகள் இருக்கட்டும். இராஜபாளையத்தில் ஒரு தியேட்டர் துணிந்து ஒரு வாரக் காலைக் காட்சியை விட்டுக்கொடுத்தால் எதைப் போடலாம்? வெளிநாட்டுக்குப் போகவே வேண்டாம். இந்த மாவட்டத்தைச் சுற்றியே ஒரு பட்டியல் கிடக்கிறது.

சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' அதில் முதலில் வரவேண்டும். சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் வேலை பார்த்த பிள்ளைகளைப் பற்றிய ஆவணப்படம். 1986இலேயே குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் சட்டப் புத்தகத்துக்கும் ஆலை வாசலுக்கும் இருந்த தூரத்தை இந்தப் படம் காட்டியது. எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில், ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 டிசம்பரில். வெளிநாட்டு விழாக்களில் பார்த்துப் பேசப்பட்ட இந்தப் படத்தை, அன்று தீப்பெட்டி ஒட்டிய கைகள் இன்று ஐம்பது வயதில் உட்கார்ந்து பார்த்தால் என்ன சொல்லும் என்பதுதான் சுவாரசியமான கேள்வி.

அதற்கு அடுத்த நாள் சசியின் 'பூ' (2008). ச.தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சிறுகதையிலிருந்து பிறந்தது. நாயகி மாரி பட்டாசு ஆலைக்குப் போகும் பெண். மாரியாக நடித்த பார்வதிக்குத் தமிழில் முதல் படம். ஆவணப்படம் கண்ட அதே கந்தகத்தைக் காதல் கதையின் ஓரத்தில் பார்க்கலாம். தமிழ்ச்செல்வன் தமுஎகசவில் பல ஆண்டுகள் பொறுப்பில் இருந்தவர் என்பதால், வெள்ளைத் துணி கட்டிய கூட்டத்துக்கும் வணிகத் திரைக்கும் இடையே இப்படி ஒரு ஒட்டு.

விருதுநகர்க்காரர் வசந்தபாலனின் 'வெயில்' (2006) தியேட்டரிலேயே ஓடவேண்டிய படம். பள்ளிக்கு மட்டம் போட்டு எம்.ஜி.ஆர். படம் பார்த்த பையனைத் தகப்பன் வெயிலில் அம்மணமாக நிறுத்துகிறான். ஓடிப்போகும் பையனுக்குச் சோறு போடுவது ஒரு சினிமாக் கொட்டகை. அங்கேயே ஆபரேட்டராகிறான், கொட்டகை இடியும்போது அவனும் வீதிக்கு வருகிறான். தேசிய விருது வாங்கி, 2007இல் கான் விழா வரை போன படம். அவனாக நடித்த பசுபதியின் முகத்தை டி.வி.யில் பார்த்தவர்கள் பாதிதான் பார்த்திருக்கிறார்கள்.

வார இறுதிக்கு ஒரு ஜோடி. முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிடும் தலைக்கூத்தல் பற்றி 2010 வாக்கில் விருதுநகர் மாவட்டத்திலிருந்து செய்திகள் வந்தபோது ஊரே அதிர்ந்தது. சில வீடுகள் மட்டும் அதிரவில்லை. அதை வைத்துப் பிரியா கிருஷ்ணசாமி எடுத்த 'பாரம்' தேசிய விருது பெற்று 2020 பிப்ரவரியில் வெளியானது. இடுப்பு ஒடிந்து மகன் வீட்டுக்கு வரும் வாட்ச்மேன் கருப்பசாமியின் கதை. கண்ணை விலக்கவிடாத இறுக்கம். அதற்குச் சில மாதம் முன்பு, 2019 நவம்பரில் வந்த மதுமிதாவின் 'கே.டி. என்கிற கருப்புதுரை'யிலும் அதே வழக்கம்தான். ஆனால் இங்கே கிழவர் தப்பித்து ஓடுகிறார், ஒரு பொடியனோடு ஊர் சுற்றுகிறார், பிரியாணி தின்கிறார். மு.ராமசாமியின் நடிப்பில் சாவு பயமே நகைச்சுவையாகிவிடுகிறது. ஒன்றைச் சனிக்கிழமையும் மற்றதை ஞாயிறும் போட்டால், அரங்கத்து வாசலில் டீ குடிக்கும் கூட்டம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றிப் பேசாமல் கலையாது. எதை முதலில் போடுவது என்பதில் மட்டும் சண்டை வரும். 'பாரம்' முதலில் என்பதே இக்கட்டுரையின் கட்சி.

இப்படி ஒரு பட்டியலை இன்று தமிழ்நாட்டில் விடாமல் நடத்துவது யார் என்று பார்த்தால், ஆச்சரியமாக, அது பள்ளிக் கல்வித் துறை. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை மாதம் ஒரு சிறார் படம் காட்டப்படுகிறது. படம் முடிந்ததும் பிள்ளைகள் பேசவும் எழுதவும் வேண்டும். இராஜபாளையத்துத் தியேட்டர் எதிலும் கிடைக்காத வகைப் படங்கள் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்து அறையில் ஓடுகின்றன. திட்டம் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பத்தில் பொதுத் தேர்வு.