நம் பக்கம் திரும்பும் திரை

கேமராவின் பக்கவாட்டில் கதவுபோல் திறந்து, நம்மை நோக்கித் திரும்பும் அந்தச் சின்னத் திரை எனக்கு மிகவும் பிடித்தமானது. தனியாகப் படம் எடுப்பவருக்கு அதுவே உதவியாளர். உச்சந்தலை வெட்டுப்படாமல் இருக்கிறதா, முகத்தில் ஃபோகஸ் நிற்கிறதா, காலரில் குத்திய மைக் கோணலாகத் தொங்குகிறதா, எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

1995-இல் வந்த கேசியோ கியூவி-10 கேமராவில் 1.8 அங்குலத் திரை இருந்தது. அதில் சுழன்றது லென்ஸ். அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, திரையில் தன்னைப் பார்த்தபடியே படம் எடுக்கலாம். 2013-இல் வந்த கேனன் 70டி-யிலோ திரையே திரும்பியது. வீடியோவில் நகரும் முகத்தைச் சீராகத் தொடரும் ஃபோகஸும் சேர்ந்துகொண்டது.

முன்பக்கம் திருப்பிய திரை பெரும்பாலும் கண்ணாடிபோல் இடவலம் மாற்றிக் காட்டும். அதனால் நகர்ந்து நிற்கும்போது தடுமாற்றம் இல்லை. பதிவாவது பிறர் காணும் நம் முகம்.

பேசும்போதும் திரையையே பார்த்தால், பார்வை ஓரமாக விலகியிருப்பது படத்தில் தெரியும். ஆகவே தொடங்கும்முன் திரையைப் பாருங்கள். தொடங்கியபின் லென்ஸைப் பாருங்கள். உங்களைப் பார்ப்பவரின் கண் அங்கேதான் இருக்கிறது.