கல் பாவிய கை

மத்தியானச் சாப்பாட்டு நேரம். பிட்ஸ்பர்க் பக்கத்து ரயில் பெட்டித் தொழிற்சாலையில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்க, பெயிண்டர் ஒருவர் மட்டும் சரக்குப் பெட்டியின் பக்கவாட்டில் மலையும் மரமுமாக வரைந்து தள்ளுவார். வேலை தொடங்கியதும் கம்பெனி வண்ணத்தை அதன்மேலேயே அடித்து மூடிவிடுவார். ஜான் கேன் ஓவியம் பழகியது இப்படித்தான்.

1860இல் ஸ்காட்லாந்தில், அயர்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். பள்ளிக்குப் போகிற வயதில் சுரங்கத்துக்குப் போனார். 19 வயதில் அமெரிக்கா வந்து, நிலக்கரி வெட்டினார், பிட்ஸ்பர்க் தெருக்களுக்குக் கல் பாவினார். 1891இல் ரயில் எஞ்சின் மோதி இடது கால் போயிற்று. கார்னெகி சர்வதேசக் கண்காட்சி 1927இல் அவர் படத்தை ஏற்றபோது வயது 67. முந்தைய இரண்டு வருடமும் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அவர் 1931இல் வரைந்த ‘மோனாங்கஹேலா ஆற்றுப் பள்ளத்தாக்கு’ படத்தில் தண்டவாளம், சரக்கு ரயில், ஆறு, ஆலைகள், மலைச்சரிவில் வீடுகள் என்று ஒரு நகரமே அடுக்கடுக்காக ஏறுகிறது. தூரத்தில் இருப்பது மங்க வேண்டும் என்பது ஓவியப் பள்ளிப் பாடம். கேனிடம் எதுவும் மங்குவதில்லை. காலடியில் கிடக்கும் தண்டவாளம் எவ்வளவு துல்லியமோ, அக்கரைக் கட்டடமும் அவ்வளவு துல்லியம். விமரிசகர்கள் இதைப் பயிற்சி இல்லாதவரின் வெள்ளந்தித்தனம் என்று செல்லமாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுரங்கத்திலும் ரயிலடியிலும் தெருவிலும் உடம்பு தேய உழைத்தவருக்கு இந்த ஊரில் தூரம் என்று ஒன்று கிடையாது. எல்லாம் கைக்கெட்டிய இடம்.

வண்ணத்தையும் கவனிக்க வேண்டும். பச்சை பச்சையாகவே நிற்கிறது, செங்கல் சிவப்பு பக்கத்து நிறத்தோடு குழைவதில்லை. ரயில் பெட்டிக்கும் வீட்டுச் சுவருக்கும் பெயிண்ட் அடித்துப் பழகிய கை விளிம்பைக் கலைக்காது. உருக்காலைப் புகையால் பேர்போன ஊர் பிட்ஸ்பர்க். கேனின் பள்ளத்தாக்கிலோ மழை பெய்து ஓய்ந்தாற்போல் வெளிச்சம். கரியை வெட்டிய மனிதர் இப்படிக் கழுவித் துடைத்த நகரத்தை வரைந்திருக்கிறாரே என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சு நெகிழ்கிறது.

1934இல் காசநோயில் இறந்தார். கண்காட்சிப் புகழை அனுபவிக்கக் கிடைத்தது ஏழே வருடம். இந்தப் படம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் தேடியாவது பாருங்கள். முதலில் அந்தச் சரக்கு ரயிலைப் பாருங்கள்.