விரல்களில் நிற்கும் வலி

கடும் வலியைச் சொல்ல ஆங்கிலத்தில் 'எக்ஸ்க்ரூசியேட்டிங்' என்றொரு சொல் உண்டு. சிறுநீரகக் கல் இறங்கும் வேதனைக்கும் அதுதான். முடியவே முடியாத மேடைப் பேச்சுக்கும் இப்போது அதுதான். அதன் லத்தீன் வேர் சிலுவை. அந்த வேரின் முழுக் கனத்தையும் பார்க்க வேண்டுமானால் பிரான்ஸின் கோல்மார் நகரில் உள்ள உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். மத்தியாஸ் குரூனவால்ட் 1512-க்கும் 1516-க்கும் இடையில் தீட்டிய ஈசன்ஹைம் பலிபீட ஓவியம் அங்கே இருக்கிறது.

சிலுவையில் தொங்கும் இயேசுவை வரையாத ஐரோப்பிய ஓவியர் குறைவு. பெரும்பாலும் உடல் கட்டுக்குலையாமல் இருக்கும். தூங்குகிறவரைப் போலத் தலை சாய்ந்திருக்கும். குரூனவால்ட் அந்த நாசூக்கையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டார். தோல் பச்சை பாரித்திருக்கிறது. உடலெங்கும் புண், அவற்றில் ஒடிந்த முள்முனைகள் குத்தியபடியே நிற்கின்றன. பாரம் தாங்காமல் குறுக்குக் கட்டை வளைந்திருக்கிறது. ஒரே ஆணியில் அறைந்த இரண்டு பாதங்களும் வீங்கிக் கோணியிருக்கின்றன.

ஆனால் ஓவியரின் கைத்திறம் முழுதாகத் தெரிவது விரல்களில். ஆணி இறங்கிய உள்ளங்கைகளிலிருந்து பத்து விரல்களும் விறைத்து, இருண்ட வானத்தைப் பிறாண்டுவதுபோல விரிந்து நிற்கின்றன. தலை தொங்கிவிட்டது, உதடு நீலம் பாய்ந்துவிட்டது. விரல்களில் மட்டும் வலி இன்னும் போகவில்லை. கீழே மண்டியிட்டிருக்கும் மகதலேனா மரியாவின் கோத்த விரல்களிலும் அதே முறுக்கு. வலப்பக்கம் நிற்கும் திருமுழுக்கு யோவான் மட்டும் நிதானமாக ஒரு நீண்ட விரலை நீட்டிச் சிலுவையைச் சுட்டுகிறார். விவிலியப்படி அவர் அதற்கு முன்பே தலை வெட்டப்பட்டு இறந்தவர். ஓவியருக்கு அது ஒரு பொருட்டல்ல!

இவ்வளவு கோரம் எதற்கு? ஓவியம் முதலில் வைக்கப்பட்ட இடம்தான் பதில். ஈசன்ஹைமில் அந்தோணியார் சபைத் துறவிகள் மருத்துவமனை நடத்தினார்கள். (குழந்தை இயேசுவை ஏந்தி நிற்கும் பதுவை அந்தோணியார் அல்ல, இவர் வனத்து அந்தோணியார்.) அங்கே வந்தவர்களில் பலருக்கு 'அந்தோணியார் நெருப்பு' என்ற நோய். ரை தானியத்தில் பிடிக்கும் ஒரு பூஞ்சை ரொட்டி வழியாக உடலில் சேரும். ரத்தக் குழாய்கள் சுருங்கும். கைகால் தீயாய் எரிந்து, கறுத்து, அழுகும். பிறகு வெட்டி எடுப்பதுதான் வழி. பூஞ்சைதான் காரணம் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அந்த நோயாளிகளைத்தான் இந்த ஓவியத்தின் முன் கொண்டுவந்தார்கள். இது கதவுகளாகத் திறக்கும் பலகை ஓவியம். சிலுவைக் காட்சியைத் திறந்தால் இயேசுவின் ஒரு கை உடலிலிருந்து பிரிகிறது. அடியில் உள்ள அடக்கக் காட்சியைப் பிரித்தால் கால்கள் துண்டாகின்றன. கை இழந்தவரும் கால் இழந்தவரும் எதிரே இருக்கும்போது இதைத் தற்செயல் என்று நம்புவது கடினம். திறந்த கதவுக்குள் உயிர்த்தெழும் இயேசு. அந்த மேனியில் முள் குத்திய புண் ஒன்றுகூட இல்லை. அதையும் திறந்தால், அந்தோணியாரைப் பேய்கள் வதைக்கும் பலகையின் ஓரத்தில் வயிறு வீங்கி, உடலெல்லாம் கொப்புளத்தோடு ஒரு உருவம் சாய்ந்து கிடக்கிறது.

இந்த ஓவியத்தை ஆதாரமாக வைத்து 1932-இல் பிக்காசோ தொடர்ச்சியாகக் கோட்டோவியங்கள் வரைந்தார். 2018-இல் தொடங்கிய சீரமைப்பு 2022-இல் முடிந்து, மங்கிய வார்னிஷ் நீங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு எடுத்த படங்களையே தேடிப் பாருங்கள். முகத்தை விட்டுவிட்டுக் கைகளிலிருந்து தொடங்குங்கள்.