சுருளுக்குச் சேரும் பெருமை

பெங்களூரிலும் சென்னையிலும் தனியார் மனநல மையங்கள் இன்று ஒரு சிகிச்சையைப் பெரிதாக முன்னிறுத்துகின்றன. மாத்திரை வேண்டாம், நடந்ததை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்தால், தலைமேல் வைக்கும் சுருளின் காந்தத் துடிப்பு மூளையைச் சரிசெய்துவிடும் என்கிறார்கள். டிஎம்எஸ் எனப்படும் இந்த மூளைத் தூண்டல் முறையின் விளம்பரங்களில் மனச்சோர்வோடு பதற்றமும், விபத்துக்குப் பின் ஆளை விடாமல் துரத்தும் மனக்காயமான பிடிஎஸ்டியும் ஒரே வரிசையில் இடம்பெறுகின்றன. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் இதைக் கவனிக்காமல் விட முடியாது. 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடையில் தீப்பிடித்து, தீபாவளி வேலைக்குப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் மாண்டார்கள். அங்கே உயிர் தப்பியவர்களுக்கும், பிரஸ் மெஷினில் விரலைப் பறிகொடுத்துவிட்டு மறுபடி அதே மெஷின் முன் நிற்கும் தொழிலாளிக்கும் என்ன சிகிச்சை என்பது இங்கே அன்றாடக் கேள்வி. அதற்கு விடையாகக் காந்தச் சுருளைக் காட்டுவது தவறு.

சுருளின் நிறைகளை மறுப்பதற்கில்லை. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழு உருவாக்கிய கருவி இது. 2008இல் மனச்சோர்வுக்கும், 2018இல் எண்ணச் சுழற்சி நோயான ஓசிடிக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. மயக்க மருந்து தேவையில்லை, நினைவு மறதி வருவதில்லை, வலிப்பு வரும் ஆபத்து மிகக் குறைவு. நம் ஊர்களில் 'கரண்ட் வைக்கிறது' என்று மக்கள் அஞ்சும் சிகிச்சை வேறு, இது வேறு. மருந்துக்கு மசியாத மனச்சோர்வில் பலருக்கு இது கைகொடுத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பிடிஎஸ்டிக்கும் பதற்றத்துக்கும் அதே வாக்குறுதியைக் கொடுப்பதில்தான் கோளாறு. பிடிஎஸ்டிக்கென்று எஃப்டிஏ இதை அனுமதிக்கவில்லை. போரில் மனம் காயப்பட்ட லட்சக்கணக்கானோரைக் கவனிக்கும் அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இதைப் பரிந்துரைக்கவோ தவிர்க்கவோ போதிய ஆதாரம் இல்லை என்கிறது. சிறிய ஆய்வுகள் சில நம்பிக்கை தருகின்றன. ஆனால் சிறிய ஆய்வின் நம்பிக்கையை விலைப்பட்டியலில் ஏற்றுவது மருத்துவ நெறி ஆகாது.

என் முக்கியமான ஆட்சேபம் இதைவிட ஆழமானது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்துக்கு மசியாத மனச்சோர்வுள்ள 164 முன்னாள் படைவீரர்கள் பங்கேற்றார்கள். அவர்களில் பலருக்குப் பிடிஎஸ்டியும் இருந்தது. பாதிப் பேருக்கு உண்மையான தூண்டல், மீதிப் பேருக்குப் போலித் தூண்டல். உண்மையான தூண்டல் பெற்றவர்களில் ஏறத்தாழ 41 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு விலகியது. போலி பெற்றவர்களில் 37 விழுக்காட்டினருக்கு விலகியது. இந்த 37ஐ ஆய்வாளர்கள் இடையூறாகப் பார்ப்பார்கள். நான் இதைத்தான் ஆய்வின் முதன்மைச் செய்தியாகப் படிக்கிறேன்.

இந்தச் சிகிச்சை நடக்கும் விதத்தைப் பாருங்கள். முதல் நாள், கை அசைவை ஆளும் மூளைப் பகுதியின் மேல் சுருளை வைத்து, கட்டைவிரல் துடிக்கும் அளவு வரை விசையைக் கூட்டிப் பார்த்து, அதைக்கொண்டு அவரவருக்கான அளவைக் குறிக்கிறார்கள். பிறகு காதில் அடைப்பான், நெற்றியின் பக்கவாட்டில் சுருள், டக் டக்கென்று ஓசை. வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். ஒவ்வொரு நாளும் ஒருவர் தலையைச் சரியாக நிறுத்துகிறார், நேற்று தூக்கம் வந்ததா என்று கேட்கிறார், வராத நாளில் போன் செய்கிறார். போலித் தூண்டல் பெற்றவருக்கும் இதெல்லாம் கிடைக்கிறது, காந்தப்புலம் ஒன்றைத் தவிர. நாளாக நாளாக நோய் தானே தணியும் இயல்பும் அந்த 37இல் கலந்திருக்கலாம். இருந்தும், மருந்துகள் கைவிட்ட ஆட்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் எழுந்து நின்றார்கள் என்றால், தினமும் ஒரு மனிதர் பொறுப்பெடுத்துக் கவனித்ததற்கு அதில் பங்கில்லை என்று யாரால் சொல்ல முடியும்? அந்தப் பங்கின் பெருமை முழுவதும் சுருளுக்கே எழுதப்படுகிறது. பேரிகையிலிருந்து பாகலூர் வழியே ஓசூர் வந்து, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் போய் 30 நாள் இந்த நாற்காலியில் உட்கார, ஷிப்ட் வேலைக்காரருக்கு யார் சம்பளத்தோடு விடுப்பு தருவார்கள்? வேண்டிய கவனிப்பை எட்டாத ஊரில் பூட்டி, கருவியின் பெயரில் விற்கிறோம்.

எதனால் குணமானால் என்ன, குணமாவதுதானே முக்கியம் என்று கேட்பார்கள். காரணம் தெரியாவிட்டால் பணம் தவறான இடத்துக்குப் போகும் என்பதே பதில். நடந்ததைப் பேசவே முடியாதவர்களுக்கு வேறு வழி என்ன என்பது இன்னும் வலுவான கேள்வி. பேசச் சொன்னதும் பாதியில் விலகுபவர்கள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுருளுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நல்ல ஆய்வு ஒன்று, 103 படைவீரர்களிடம் நடத்தி 2018இல் வெளியானது, தூண்டலைப் பேச்சுச் சிகிச்சைக்குத் துணையாகவே கொடுத்தது. பேச்சை நீக்கியதால் வந்த வெற்றி என்று அதைக் காட்ட முடியாது. நமக்கு நெருக்கமான சான்று வடகிழக்கு இலங்கையில் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின், போரும் கடலும் சேர்ந்து நொறுக்கிய தமிழ்ப் பிள்ளைகள் 31 பேருக்கு ஆறே அமர்வுகளில் இரண்டு முறைகளைச் சோதித்தார்கள். நடந்ததைக் கோவையாகச் சொல்லவைப்பது ஒன்று, தியானமும் தளர்வுப் பயிற்சியும் மற்றொன்று. இரண்டிலும் பெரும்பாலான பிள்ளைகள் மீண்டார்கள். அங்கே கருவி எதுவும் இருக்கவில்லை. பேச முடியாதவருக்கும் வழி இருந்தது.

மனநோய் உள்ளவர்களில், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சையே எட்டவில்லை என்று நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு சொன்னது. அந்த நிலையில் முதல் ரூபாய் மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகருக்குப் போக வேண்டும். வெடிவிபத்துக்கு நிவாரணக் காசோலை போகும் வீட்டுக்கு, தொடர்ந்து ஆறு வாரம் அந்த ஆலோசகரும் போக வேண்டும். பிடிஎஸ்டிக்கு டிஎம்எஸ் விற்கும் மையங்கள், இது இன்னும் ஆய்வில் இருக்கும் முறை என்று நோயாளியின் மொழியில் எழுதிக் கொடுத்த பிறகே கட்டணம் வாங்க வேண்டும். அதுவரை, இந்தச் சிகிச்சைக்காக நகையை அடகு வைக்க நினைக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: முதலில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.